பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு சமூக இசைக்குழு: இணைய ஒத்திகை, வீட்டுப் பதிவு, நோயாளிகளுக்கான இசை, அரங்குக்குத் திரும்புதல்

2020 மார்ச் 10 அன்று மாலை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்ற ஊரில் ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்திருந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே சளி அறிகுறி இருந்தது. அவரையும் சேர்த்து 53 பேருக்கு நோய் வந்தது: 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது, மற்ற 20 பேருக்கு அறிகுறிகளை வைத்துக் கணித்தார்கள். இருவர் இறந்துபோனார்கள். ஒத்திகைக்கு மறுநாள்தான் உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஒரே அறையில் ஒரே காற்றை மூச்சிழுத்து வாசிக்கும் எந்தக் குழுவும் இந்தச் சம்பவத்தைப் பற்றிப் படித்த பிறகு பழையபடி கூட முடியவில்லை.

சம்பளம் வாங்காமல் வாரம் ஒருமுறை கூடி வாசிக்கும், 20 முதல் 40 பேர் கொண்ட குழுக்களுக்கான பதிவு இது. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ், ஃப்ளூட், கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன் எல்லாம் கலந்த குழு என்று வைத்துக்கொள்கிறோம். அடுத்த தொற்று வந்தாலும் இதே வேலைகளை இதே வரிசையில் செய்ய வேண்டியிருக்கும்.

முதலில் மில்லிநொடிக் கணக்கு

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிநொடி. மேடையில் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் இருவருக்கு நடுவே எப்போதும் 29 மில்லிநொடித் தாமதம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. காதை மட்டும் நம்பி இருவர் சேர்ந்து வாசிக்க 25 முதல் 30 மில்லிநொடி வரை தாங்கும். அதற்கு மேல் போனால் இவர் அவருக்காகக் காத்திருப்பார், அவர் இவருக்காகக் காத்திருப்பார். காலப்பிரமாணம் இறங்கிக்கொண்டே போகும். எவ்வளவு தேர்ந்த வாசிப்பாளர்களாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

வீடியோ கூட்டத்துக்கான செயலிகளில் தாமதம் 100 மில்லிநொடிக்குக் குறைவது அரிது. தாமதம் மட்டும் சிக்கல் இல்லை. அவை பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நீட்டிப் பிடித்த வயலின் ஒலியை விசிறிச் சத்தம் என்று நினைத்து வடிகட்டிவிடும். மெல்லிய இடத்தைத் தூக்கி, உரத்த இடத்தை அமுக்கி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். இருவர் ஒரே நேரத்தில் வாசித்தால் ஒருவரை வெட்டிவிடும். ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பைப் போட்டு, இரைச்சல் நீக்கத்தையும் எதிரொலி நீக்கத்தையும் அணைத்தால் ஒலி தெளிவாகும், தாமதம் குறையாது. எனவே அங்கே சேர்ந்து வாசிக்க முயல வேண்டாம். ஒரு பிரிவின் தலைவர் வாசித்துக் காட்டி மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கூடவே வாசித்துப் பழகவும், வில் எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளவும் அது நன்றாகவே பயன்படும். நாற்பது நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

நேரலையில் சேர்ந்து வாசிக்க

ஜாமுலஸ், சோனோபஸ், ஜாக்ட்ரிப் மூன்றும் இதற்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வு மையத்தில் பிறந்த ஜாக்ட்ரிப் ஒலியைச் சுருக்காமல் அனுப்பும். பெரிய குழுவுக்கு ஜாமுலஸ்தான் எளிது. ஒரு சர்வர், எல்லோரும் அதற்குள் வருகிறார்கள், ஒவ்வொருவரும் மற்றவர்களின் ஒலியளவைத் தன் திரையிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்கிறார்கள். இதற்கு ஒவ்வொரு வீட்டிலும் வேண்டியவை: ஒரு கணினி, ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி), ஒரு மைக், கம்பியுள்ள ஹெட்ஃபோன், ரவுட்டரிலிருந்து கணினி வரை ஒரு ஈதர்நெட் கேபிள்.

கேபிளில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வைஃபையில் சராசரித் தாமதம் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். அவ்வப்போது வரும் ஒரு திடீர்த் தாவல்தான் ஒலியைக் கொறகொறவென்று உடைக்கும். சர்வருக்குத் தொடர்ந்து ஐந்து நிமிடம் பிங் (செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) விட்டு, சராசரியைப் பார்க்காமல் அதிகபட்ச எண்ணைப் பாருங்கள். சராசரி 12 மில்லிநொடி, அதிகபட்சம் 90 என்றால் அந்த இணைப்பில் வாசிக்க முடியாது. சராசரி 18, அதிகபட்சம் 22 என்றால் தாராளமாக வாசிக்கலாம். புளூடூத் ஹெட்ஃபோன் தன் பங்குக்கு 100 மில்லிநொடிக்கு மேல் சேர்க்கும் என்பதால் அதற்கு இங்கே இடமே இல்லை.

விண்டோஸ் கணினியில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும் ஆசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் ஒலி மென்பொருளை) போட வேண்டும். மாதிரி வேகம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸ், பஃபர் (கணினி ஒருமுறைக்குச் சேர்த்துக் கையாளும் அளவு) 128 மாதிரிகள். 128ஐ 48,000ஆல் வகுத்தால் 2.7 மில்லிநொடி. கணினி தாங்கினால் 64க்கு இறக்கலாம், 1.3 ஆகும். இன்டர்ஃபேஸில் போக வர 8, இணையத்தில் போக வர 12, இரு முனையிலும் ஜிட்டர் பஃபருக்கு (ஒழுங்கற்று வந்து சேரும் ஒலித் துண்டுகளைச் சீராக்கும் காத்திருப்புக்கு) 12 என்று கூட்டினால் 32 மில்லிநொடி. மேடையில் 11 மீட்டர் தள்ளி உட்கார்ந்ததற்குச் சமம், வாசிக்கலாம். ஃபைபரில் ஒளி ஆயிரம் கிலோமீட்டர் கடக்க 5 மில்லிநொடி ஆகும், நடைமுறைப் பாதைகள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் அது எளிதில் இரட்டிப்பாகும். ஆகவே சர்வர் உறுப்பினர்களின் வீடுகளுக்கு நடுவில், நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தரவு மையத்தில் இருக்கட்டும். ஒருவர் வீட்டிலேயே சர்வர் வைத்தால், ஆளுக்கு ஒரு மெகாபிட் என்று 20 பேருக்கு 20 மெகாபிட் பதிவேற்ற வேகம் அந்த வீட்டுக்கு வேண்டும். பெரும்பாலான வீட்டு இணைப்புகள் இங்கேதான் மூச்சு முட்டும். அப்படி வைப்பதானால் ஜாமுலஸ் பயன்படுத்தும் இணைய வாசலான யூடிபி 22124 போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிட வேண்டும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இன்டர்ஃபேஸில் உங்கள் ஒலியை நேரடியாக உங்கள் காதுக்கே தரும் ‘டைரக்ட் மானிட்டர்’ என்ற குமிழை அணைத்துவிட வேண்டும். உங்கள் ஒலியே சர்வருக்குப் போய்த் திரும்பி வருவதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். அப்போதுதான் எல்லோரும் கேட்பது ஒரே கலவையாக இருக்கும். முதல் பத்து நிமிடம் தன் வில் தனக்கே தாமதமாகக் கேட்பது சங்கடமாக இருக்கும், பிறகு கை பழகிக்கொள்ளும். குமிழை அணைக்காத ஒருவர் குழுவில் இருந்தால் போதும், மொத்தக் குழுவும் மெல்லப் பின்னே இழுபடும். காலப்பிரமாணம் தொய்கிறது என்றால் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும்.

இசை நடத்துநரின் கையைப் பார்த்து வாசிக்க இங்கே வழியில்லை. படம் எப்போதும் ஒலிக்குப் பின்னால்தான் வரும். டபுள் பேஸோ செல்லோவோ விரலால் மீட்டி அடிப்படைத் துடிப்பைத் தரட்டும், நடத்துநர் மைக்கில் எண்ணிக்கை சொல்லட்டும். குழுவை எட்டுப் பத்துப் பேராகப் பிரித்து அரை மணி நேரம் வீதம் உட்கார வையுங்கள். மெதுவான, நீட்டிப் பிடிக்கும் உருப்படிகள் நன்றாக வரும். எதிரெதிராகப் பதினாறில் ஒரு பங்கு ஸ்வரங்கள் பரிமாறும் இடங்கள் வராது. அவற்றை வீட்டுப் பதிவுக்கு ஒதுக்கிவிடலாம்.

வீட்டில் தனித்தனியாகப் பதிந்து அடுக்குவது

கம்பி இணைப்பு இல்லாதவர், வேறு கண்டத்தில் மாட்டிக்கொண்டவர், இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் என எல்லோரையும் உள்ளே கொண்டுவர இதுதான் வழி. வேலை அதிகம். ஆனால் முடிவு நன்றாக வருவதா இல்லையா என்பது கலவை மேசையில் தீர்மானமாவதில்லை, எல்லோரும் கேட்டுக்கொண்டே வாசிக்கும் வழிகாட்டித் தடத்தில் தீர்மானமாகிறது.

வெறும் மெட்ரோனோம் தடம் கொடுத்தால் நாற்பது பேரும் நாற்பது தனி வாசிப்பை அனுப்புவார்கள். எங்கே மூச்சு விடுவது, எங்கே தணிப்பது என்று மெட்ரோனோமின் கிளிக் சொல்லாது. வழிகாட்டித் தடத்தில் மூன்று அடுக்கு வேண்டும். ஒன்று கிளிக், கீச்சென்ற மின்னொலியை விட மரக்கட்டை ஒலி நல்லது, ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறினாலும் உறுத்தாது. இரண்டாவது, முழு உருப்படியையும் பியானோவில் வாசித்த பதிவு. மூன்றாவது, அதே பியானோவைக் கேட்டு நடத்துநர் கை காட்டும் படம். வேகம் குறையும் இடங்களில் கிளிக்கும் கூடவே குறையும்படி டெம்போ வரைபடம் வரைந்துகொள்ளுங்கள். இஷ்டம்போல் நீட்டும் இடங்களை எண்ணிக்கையாக மாற்றிவிடுங்கள்: “இங்கே ஐந்து பீட், ஆறாவதில் வில் எடுக்கவும்” என்று நோட்டேஷனிலேயே அச்சிட வேண்டும். தொடக்கத்தில் இரண்டு பார் (தாளச் சுற்று) எண்ணிக்கை, ஒரு குறித்த பீட்டில் எல்லோரும் ஒருமுறை கைதட்டல், பிறகு நான்கு பீட் மௌனம், அதன்பின் மீண்டும் ஒரு பார் எண்ணிக்கை. அந்த மௌனத்தை விட்டுவிடாதீர்கள். கைதட்டலின் உரத்த ஒலிக்கு ஃபோன் தன் ஒலியளவைச் சட்டென்று குறைத்துக்கொள்ளும், மீண்டு வர ஓரிரு நொடி எடுக்கும். மௌனம் இல்லாவிட்டால் முதல் ஸ்வரம் விழுங்கப்பட்டுவிடும். உருப்படி முடிந்து நான்கு பீட் கழித்து இன்னொரு கைதட்டலும் வேண்டும். காரணம் கீழே வருகிறது.

பதிவை எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள். முதலில் டபுள் பேஸ், செல்லோ, முதல் வயலின் தலைவர். அவர்கள் அனுப்பியதைப் பியானோவுக்குப் பதிலாக வழிகாட்டித் தடத்தில் வைத்து அடுத்த சுற்றுக்கு அனுப்புங்கள். மற்ற வயலின்கள் ஒரு நிஜ வில்லைக் கேட்டு வாசிக்கும்போது சுருதியும் அழுத்தமும் தானாக ஒன்றுகூடும். காற்றுக் கருவிகள் கடைசியில். சுருதி சேர்க்கும் மைய ‘ஏ’ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸா 442ஆ என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். காற்றுக் கருவி வாசிப்பவர்கள் பத்து நிமிடம் ஊதிக் கருவி சூடான பிறகே சுருதி சேர்க்க வேண்டும். குளிர்ந்த கருவி சுருதி இறங்கி நிற்கும்.

வாசிப்பவருக்கு அனுப்பும் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அதில் இருக்க வேண்டியவை: வழிகாட்டித் தடத்தை ஒரு ஃபோனிலோ கணினியிலோ ஓட்டுங்கள், பதிவை இன்னொன்றில் செய்யுங்கள். பதியும் ஃபோன் விமானப் பயன்முறையில், படுக்கைவாக்கில், ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கட்டும். வயலினுக்கு மேலிருந்து சாய்வாக. ஃப்ளூட்டுக்கு மூச்சுக் காற்று நேராகப் படாதபடி நெற்றி உயரத்தில் பக்கவாட்டில். செல்லோவுக்குக் கீழே தடித்த விரிப்பு. வெறும் சுவர்கள் உள்ள கூடத்தை விடத் துணிமணியும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறை நல்லது. விசிறி, குளிர்சாதனம் அணைந்திருக்கட்டும். கோப்பை அரட்டைச் செயலியில் அனுப்ப வேண்டாம், அது ஒலியையும் படத்தையும் நசுக்கிவிடும். பகிர்வு டிரைவில் ஏற்றுங்கள். கோப்பின் பெயர் ‘கருவி, இருக்கை எண், எத்தனையாவது பதிவு’ என்ற வரிசையில்.

இவ்வளவு சொன்ன பிறகும் வரும் கோளாறுகள் சில உண்டு. பெரும்பாலும் திரும்பத் திரும்ப இவைதான்.

ஒலி மந்தமாக, தொலைபேசியில் கேட்பதுபோல் இருந்தால்: வாசித்தவர் ஒரே ஃபோனில் தடத்தைக் கேட்டுப் பதிவும் செய்திருக்கிறார், காதில் புளூடூத். மைக் திறந்ததும் ஹெட்செட் அழைப்புப் பயன்முறைக்கு மாறி, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்துக்கு ஒலியை இறக்கிவிடும். இதைச் சரிசெய்ய வழியில்லை, மறுபடியும் பதியச் சொல்ல வேண்டியதுதான். இரண்டு தனிச் சாதனங்கள் வைத்து புளூடூத்தில் கேட்டிருந்தால் அவ்வளவு மோசமில்லை. அவர் தட்டிய கையும் அதே அளவு தாமதமாகத்தான் விழுந்திருக்கும், கைதட்டலை வைத்து நகர்த்தினால் எல்லாம் இடத்தில் வந்து உட்காரும்.

சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கி, நீளமும் கூடியிருந்தால்: 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பை மென்பொருள் 44.1 என்று எண்ணி ஓட்டுகிறது. சுருதி திருத்தும் கருவியைத் தொடாதீர்கள். கோப்பின் மாதிரி வேகத்தைச் சரியாகக் குறித்தால் போதும்.

தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகினால்: இரண்டு காரணங்களில் ஒன்று. படம் மட்டும் விலகுகிறது, ஒலி சரி என்றால், ஃபோன் மாறும் சட்டக வேகத்தில் (நொடிக்கு இத்தனை படம் என்ற எண்ணிக்கை கூடிக் குறைய) படம் எடுத்திருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் அல்லது ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்று மென்பொருளில் நொடிக்கு 30 என்ற நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு எடிட்டிங்கில் ஏற்றுங்கள். ஒலியே விலகினால் அது கடிகாரப் பிழை. ஒவ்வொரு ஃபோனின் உள்கடிகாரமும் இம்மியளவு வேறுபடும். பத்து லட்சத்துக்கு 50 என்ற பிழைகூட ஐந்து நிமிடத்தில் 15 மில்லிநொடியாகிவிடும், இரண்டு ஃபோன்கள் எதிரெதிர்த் திசையில் பிழைத்தால் 30. கடைசிக் கைதட்டல் இதற்குத்தான். இரண்டு தட்டல்களுக்கு இடைப்பட்ட நேரத்தை வழிகாட்டித் தடத்தோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தில் மட்டும் கோப்பை நீட்டவோ சுருக்கவோ செய்யுங்கள்.

கலவையில் முதல் வேலை, கருவி எட்டாத கீழ் அதிர்வெண் இரைச்சலை வெட்டுவது. வயலினின் மிகக் கீழ் ஸ்வரம் 196 ஹெர்ட்ஸ், எனவே 150க்குக் கீழே வெட்டலாம். வயோலாவுக்கு 131, வெட்டு 100. ஃப்ளூட்டுக்கு 262, வெட்டு 200. செல்லோவுக்கு 65, வெட்டு 50. டபுள் பேஸ் 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், அதை 30க்கு மேல் தொடாதீர்கள். நாற்பது படுக்கையறைகளின் இரைச்சலும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு பெரிய உறுமலாகிவிடும், இந்த ஒரு வெட்டிலேயே பாதி போய்விடும். பிறகு எல்லாத் தடங்களும் மென்பொருளில் ஒரே செயற்கை எதிரொலி அறைக்குள் (ரிவெர்ப்) போகட்டும், 1.6 முதல் 2 நொடி நீளம் போதும். தடத்துக்குத் தடம் வேறு எதிரொலி போட்டால் எல்லோரும் வேறு வேறு கட்டடத்தில் இருப்பது அப்பட்டமாகக் கேட்கும்.

ஒவ்வொரு ஸ்வரத்தையும் மென்பொருளின் தாளக் கட்டத்தில் ஒட்டவைக்கும் ஆசை வரும். வேண்டாம். ஒரு வயலின் பிரிவு எட்டுப் பேர் வாசிப்பதாகக் கேட்பதே அவர்கள் ஓரிரு இம்மி முன்பின்னாகத் தொடங்குவதால்தான். 20 மில்லிநொடிக்குள் இருப்பதை அப்படியே விடுங்கள், அதற்கு மேல் போனவற்றை மட்டும் நகர்த்துங்கள். சுருதி விலகியவரின் தடத்தைத் திருத்துவதை விட ஒலியளவை இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பிரிவுக்குள் உட்கார வைப்பது இயல்பாக இருக்கும். யாருடைய தடத்தையும் முழுதாக அணைத்துவிடாதீர்கள். அனுப்பியவர் தன் ஒலியைத் தேடிக் கேட்பார், அது அங்கே இருக்க வேண்டும்.

நோயாளிகளுக்கு அனுப்பும் பதிவு வேறு

கச்சேரிப் பதிவை அப்படியே மருத்துவமனைக்கு அனுப்புவது தவறு. இசைச் சிகிச்சை என்பது பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் தொழில். குழு செய்யக்கூடியது அந்தச் சிகிச்சையாளர்கள் வேண்டும் ஒலியை அவர்கள் வேண்டும் வடிவில் தருவது. அதைச் சிறியதென்று நினைக்க வேண்டாம். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளிகளுக்கு இசை கேட்க வைத்த 14 ஆய்வுகளை, மொத்தம் 805 பேர், 2014இல் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்வு ஒன்று அலசியது. பதற்றம் குறைவதையும் சுவாச வேகம் குறைவதையும் அது பதிவு செய்திருக்கிறது. நோயைக் குணப்படுத்துகிறது என்று எங்கும் சொல்லவில்லை. பதற்றம் தணிந்த உடல் மெதுவாக மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். குழாய் செருகிய நிலையில் கிடப்பவருக்கு அதன் மதிப்பு எவ்வளவு என்று வார்டில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

நடைமுறையில்: நிமிடத்துக்கு 60 முதல் 80 பீட். மொத்த நீளம் 20 முதல் 30 நிமிடம். தொடக்கம் ஐந்து நொடியில் மெல்ல ஏற வேண்டும், முடிவு பத்து நொடியில் மெல்ல இறங்க வேண்டும். மிக மெல்லிய இடத்துக்கும் மிக உரத்த இடத்துக்கும் இடையே 10 டெசிபலுக்கு மேல் போக விடாதீர்கள். அரங்கில் அழகாக இருக்கும் திடீர் உச்சம், அரைத்தூக்கத்தில் இருப்பவரை உலுக்கி எழுப்பும். செல்லோ, வயோலா, கீழ்ஸ்தாயி கிளாரினெட்டை முன்னே கொண்டுவாருங்கள். பிக்கோலோவையும் சிம்பலையும் விட்டுவிடுங்கள். குறிப்பாக நீட்டி ஒலிக்கும் உச்ச ஸ்வரங்கள் மருத்துவக் கருவிகளின் எச்சரிக்கை ஒலியோடு குழம்பும், அது செவிலியருக்கும் இடைஞ்சல். தலையணை அருகே 50 முதல் 60 டெசிபல் போதும், ஒலியளவு மானி செயலி வைத்து ஒருமுறை அளந்து அந்த இடத்தில் குமிழில் ஒரு கோடு போட்டுவிடலாம். இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் கூடாது. நோயாளி தன்னை அழைப்பதைக் கேட்க முடிய வேண்டும். காதில் படும் பாகத்துக்கு ஆளுக்கொரு உறை, 70 சதவீத ஆல்கஹால் கொண்டு துடைக்க முடிகிற மாதிரி பொத்தான் குறைவான இசைக்கும் சாதனம்.

தேர்வு நோயாளியுடையதாக இருக்கட்டும். ‘அமைதியான இசை’ என்று நாம் நினைப்பதை விட அவருக்குப் பழகிய இசை அதிகம் உதவும். அதனால் ஒரே நீளப் பதிவாக இல்லாமல் ஆறேழு மனநிலைகளில் குட்டிக் கோப்புகளாகக் கொடுத்து, குடும்பத்தாரிடம் கேட்டுத் தேர்ந்தெடுக்கச் செய்யலாம். நிறுத்தும் பொத்தான் அவர் கைக்கு எட்ட வேண்டும். பழகிய பாட்டு அழுகையையும் கொண்டுவரும். அது கெடுதல் இல்லை, ஆனால் முதல்முறை கேட்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

தொற்று நீங்கிய பிறகும் மூச்சுத் திணறல் தொடர்ந்தவர்களுக்காக இங்கிலீஷ் நேஷனல் ஓபரா என்ற இசை நாடக நிறுவனமும் லண்டனின் இம்பீரியல் காலேஜ் மருத்துவமனைகளும் 2020இல் ஆறு வார இணையவழிப் பாட்டுப் பயிற்சி ஒன்றைத் தொடங்கின. தாலாட்டுப் பாடல்கள்தான் பாடம். 150 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் லான்செட்டின் சுவாச மருத்துவ இதழில் வெளியானது; பயிற்சி எடுத்தவர்களின் மனநலம் சார்ந்த வாழ்க்கைத்தரம் கூடியிருந்தது. நோயிலிருந்து மீண்ட காற்றுக் கருவிக்காரர்களும் இதே பாதையில் திரும்பலாம். மருத்துவர் சரி என்ற பிறகு, உட்கார்ந்தபடி, நடு ஸ்தாயியில் நீள ஸ்வரம் ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடியும் ஒருமுறை. தலை சுற்றினால் அன்றைக்கு அதோடு சரி. உயர்ந்த ஸ்தாயியும் உரத்த வாசிப்பும் கடைசியாக வரட்டும்.

வாசிப்பவர்களின் மனதுக்கும் மருந்து வேண்டும். பழைய ஒத்திகைக் கிழமையையும் மணியையும் மாற்றாதீர்கள். எந்த வடிவத்தில் கூடினாலும் அதே கிழமை, அதே மணி. இணைப்பு கிடைக்காதவருக்கு அந்த நேரத்தில் பிரிவுத் தலைவர் தொலைபேசியில் பேசட்டும். தனியாக வாழ்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் குழுச் செயலாளரிடம் இருக்க வேண்டும்.

அரங்குக்குத் திரும்பும்போது

கொலராடோ போல்டர், மேரிலாந்து பல்கலைக்கழகங்கள் 2020இல் செய்த நிகழ்கலைக் காற்றுத்துளி ஆய்வின் பரிந்துரைகள்தான் பல குழுக்களுக்கும் அடிப்படையாக அமைந்தன: முகக்கவசம், 1.8 மீட்டர் இடைவெளி, டிராம்போனுக்கு முன்னே 2.7 மீட்டர், உள்ளே 30 நிமிட வாசிப்பு, பிறகு அறையைக் காலி செய்து காற்றை மாற விடுவது. பித்தளைக் கருவிகளின் விரிந்த வாய்க்கு மெர்வ்-13 தர (நுண்துகள்களைப் பிடிக்கும்) வடிகட்டித் துணியை இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே வைத்துத் தைத்த உறை. இழுத்துக் கட்டினால் கீழ் ஸ்வரங்கள் அடைத்துக்கொள்ளும். எலாஸ்டிக் சற்றுத் தளர்வாக, துணி லேசாகத் தொய்ந்து நிற்கட்டும். ஃப்ளூட்டுக்கு இந்த உறை போதாது, அங்கே காற்று உதட்டருகிலேயே வெளியேறுகிறது. தலைப்பகுதிக்கான தடுப்பு வேண்டும். கருவியில் தேங்கும் நீரைத் தரையில் ஊதித் தள்ளாமல் உறிஞ்சும் விரிப்பில் விட்டு, முடிந்ததும் மடித்துக் குப்பையில் போட வேண்டும்.

காற்று வடிகட்டிக்கு, கையாலேயே செய்யக்கூடிய கோர்சி–ரோசெந்தால் பெட்டி. 50 செ.மீ. சதுர மெர்வ்-13 வடிகட்டிகள் நான்கு, அதே அளவுள்ள பெட்டி விசிறி ஒன்று, அடியில் வைக்க அட்டை, அகல ஒட்டுநாடா. வடிகட்டியின் விளிம்பில் உள்ள அம்புக்குறி உள்நோக்கி இருக்க வேண்டும். நான்கையும் சுவராக நிறுத்தி மூலைகளை முழு நீளத்துக்கும் ஒட்டி, அடியில் அட்டை, மேலே விசிறி காற்றை மேல்நோக்கித் தள்ளும்படி. விசிறியின் நான்கு மூலைகளிலும் காற்று திரும்ப உள்ளே உறிஞ்சப்படும்; இறக்கை வட்டத்தை விடச் சற்றுச் சிறிய, 38 முதல் 40 செ.மீ. விட்டமுள்ள துளை வெட்டிய அட்டையை மேலே ஒட்டினால் அது நிற்கும்.

எத்தனை பெட்டி? அரங்கு 15 × 10 × 5 மீட்டர் என்றால் 750 கன மீட்டர். மணிக்கு ஆறு முறை காற்று மாற 4,500 கன மீட்டர் வேண்டும். முழு வேகத்தில் ஒரு பெட்டிக்கு 1,000 என்று வைக்கலாம், ஆனால் அந்த இரைச்சலில் மெல்லிய இடங்களை ஒத்திகை பார்க்க முடியாது. குறைந்த வேகத்தில் 600 முதல் 700 என்று கணக்கிட்டு, சன்னல்கள் தருவதைக் கழித்துக்கொள்ளுங்கள். சன்னல்கள் எவ்வளவு தருகின்றன என்பதைக் கரியமில வாயு மானியால் அளக்கலாம். என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும்) வகை மானியே நம்பகமானது. எல்லோரும் வெளியேறியதும் அளவைப் பாருங்கள்: வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), உள்ளே 1,220 என்றால் மிகை 800. அது 37 சதவீதத்துக்கு, அதாவது 300க்கு இறங்கி மானி 720 காட்ட அரை மணி நேரம் ஆனால், சன்னல்கள் மணிக்கு இரண்டு மாற்றம் தருகின்றன. மீதி நான்கு மாற்றத்துக்கு 3,000 கன மீட்டர், குறைந்த வேகத்தில் ஐந்து பெட்டி. இடைவேளையில் முழு வேகம். மணிக்கு ஆறு மாற்றம் என்ற அளவில் பத்து நிமிடத்தில் பழைய காற்றின் 63 சதவீதம்தான் போயிருக்கும், 95 சதவீதம் போக அரை மணி நேரம் ஆகும். ஒன்றை மறக்க வேண்டாம்: வடிகட்டிப் பெட்டி கரியமில வாயுவைக் குறைக்காது. வாசிக்கும்போது மானியை 800 பிபிஎம்முக்குள் வைத்திருப்பது சன்னலின் வேலை.

இடைவெளி விட்டு உட்கார்ந்ததும் மில்லிநொடிக் கணக்கு திரும்ப வந்துவிடும். பத்து மீட்டரில் அடங்கிய குழு பதினெட்டு மீட்டருக்கு விரியும், கடைசி வரிசைக்கும் முதல் வரிசைக்கும் இடையே 52 மில்லிநொடி. பின்வரிசை டிரம்பெட் காதால் கேட்டு வாசித்தால் கட்டாயம் பிந்தும். பின்வரிசைக்கு ஒரே உத்தரவு: கையைப் பார், கேட்காதே, முந்துவதுபோலத் தோன்றினால் அதுதான் சரி. முன்வரிசை பின்னால் இருப்பவருக்காகக் காத்திருக்கக் கூடாது. பாதிக் குழுவை மட்டும் அழைத்து அரைவட்டமாக உட்கார வைத்தால் பன்னிரண்டு மீட்டருக்குள் அடங்கும், முதல் சில வாரங்களுக்கு அதுவே போதும்.

இன்னும் வர இயலாதவர்களை ஜாமுலஸ் வழியே அரங்கோடு இணைக்கலாம். அரங்கின் மைக் சர்வருக்குப் போகட்டும், அவர்கள் வீட்டிலிருந்து கேட்டுக் கூடவே வாசிக்கட்டும். அவர்களின் ஒலியை அரங்கின் ஸ்பீக்கரில் விடாதீர்கள். அது மைக்கில் ஏறி மறுபடியும் வீட்டுக்குப் போய் எதிரொலிக்கும். நடத்துநர் ஒருவர் மட்டும் ஒரு காதில் ஹெட்ஃபோன் வைத்து அவர்களைக் கேட்கலாம், பெயர் சொல்லித் திருத்தங்களையும் சொல்லலாம்.